வராத காத்து

அந்தச் சன்னல கொஞ்சம் எறக்கி விடு மக்ளே. குழித்துறையில ஏறினதுல இருந்து காது ரெண்டும் அடச்சுப்போச்சு. கடக்கரைக்காரிக்கு காத்து ஆகாதான்னு சிரிக்காத. ரயிலு ஓடுததுல அடிக்கது ஒரு காத்தா? எங்கேருந்து வருது, எப்ப நிக்கும்னு அதுக்கு ஒரு மொற உண்டா? காத்துன்னா தெச சொல்லி வரணும். வாடையா, கொண்டலா, மேக்காத்தா, ஏதாவது ஒரு பேரு இருக்கணும். இது சும்மா மண்ண வாரி மொகத்துல எறியுது.

நீ எர்ணாகுளமா? நானும் அங்கதான். அங்கேருந்து பஸ்சுல கொச்சி ஆர்பருக்கு போணும், எங்க ஊரு போட்டெல்லாம் அங்கதான் அணையும். எனக்க தம்பிக்க போட்டு இன்னிக்கு கரை பிடிக்குது. ஆமா, அக்காதான் போய் நிக்கணும். ஒரு காரியம் சொல்லதுக்கு இருக்கு.

நீ என்ன வேல பாக்க? நர்சா? எனக்கு தெரியும். நகத்த ஒட்ட வெட்டியிருக்க பாத்தியா, அதுல கண்டுபிடிச்சேன். நல்லதாப் போச்சு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். பொறவு கேக்கேன். மொதல்ல தண்ணி இருந்தா ரெண்டு மொடக்கு தா.

நானும் ஒரு வேலக்காரிதான், கேட்டியா. எங்க ஊருல கோயிலுக்கு பக்கத்துல மீனவர் சங்கத்துக்க ஒரு சின்ன ரூம் உண்டு. அதுல வயர்லெஸ் செட்டு இருக்கு. நாங்க வெறும் 'செட்டு'ன்னுதான் சொல்லுவோம். தெனமும் காலையில வானிலைக்காரங்க போடுத அறிக்கைய போன்ல பாத்து, அத எங்க ஆளுகளுக்கு புரியுத மாதிரி செட்டுல சொல்லது நான்தான். எனக்க பேரு எமரென்சி. எமரென்சி அக்கா சொன்னா காத்து வரும்னு எங்க கடக்கரையில ஒரு பேச்சே உண்டு. பெருமைக்கு சொல்லல. சரி, பெருமைதான், இருக்கட்டும்.

அந்த அறிக்கைய நீ பாத்திருக்கியா? நம்ம கடல் மட்டும் இருக்காது அதுல. வங்கக்கடல், அந்தமான், மாலத்தீவு, சோமாலியாக் கரை வரைக்கும் இருக்கும். சூறாவளிக் காத்து மணிக்கு இத்தன வேகம், இடையிடையே இத்தன வேகம், மீனவர்கள் செல்ல வேண்டாம். நான் எல்லாத்தையும் வாசிப்பேன். சங்கத்துக்காரன் கேப்பான், அக்கா, சோமாலியாவுல நம்ம ஆளு எவன் நிக்கான், அத எதுக்கு வாசிக்கன்னு. போலே, அங்க நிக்கவனுக்கும் ஒரு அம்மை இருப்பா, கேட்டா அவளுக்கு ஆறுதலா இருக்கும்பேன். அவளுக்கு எனக்க தமிழு எங்க கேக்கப் போகுது? ஆனாலும் வாசிப்பேன். வாசிச்சு முடிச்சிட்டு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுவேன், சோமாலியாக்காரனுக்கும் சேத்து.

நான் சொன்னா அது எப்படி தூரத்துல நிக்க போட்டுக்கு போகும்னு கேக்கியா? நேரா போவாது. கரைக்கு கிட்ட நிக்க போட்டு கேட்டு, அதுக்கு அந்தால நிக்க போட்டுக்கு சொல்லும். அவன் அடுத்தவனுக்கு சொல்லுவான். அப்படி கைமாறி கைமாறி லட்சத்தீவுக்கு மேக்க நிக்கவன் வரைக்கும் போய்ச் சேரும். எங்க ஆளுக போனா ஒரு மாசம், ஒண்ணரை மாசம் கழிச்சுத்தான் திரும்புவாவ. போன் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கரையில இருந்து போறது எனக்க சத்தம் ஒண்ணுதான்.

நான் எதுக்கு இந்த வேலைக்கு வந்தேன்னு கேளு. எனக்க வீட்டுக்காரரு செலஸ்டின் அந்தப் பெரிய புயலுல போயிட்டாரு. நான் யாரையும் குத்தம் சொல்லல. காத்து திரும்பினதும் அவிய என்ன செஞ்சாவ தெரியுமா? வீட்டுக்கு ஓடி வந்தாவ. பிள்ள, பெண்டாட்டி, கோயிலுன்னு வீட்டப் பாத்து போட்ட விட்டாவ. காத்துக்கு நேரா வந்து மாட்டினாவ. கிட்ட இருந்த தீவுல ஏறினவனும், வடக்க எங்கியோ தெரியாத ஊருல ஏறினவனும் பொழச்சு வந்தான். வீட்டுக்கு ஓடி வந்தவன் வரல. அதுக்குப் பொறவுதான் நான் செட்டுல ஏறினேன். தெனமும் முடிக்கும்போ ஒண்ணு சொல்லுவேன்: "வீட்ட நெனைக்காதிய மக்கா. கிட்ட இருக்க கரையில ஏறுங்க. வீடு எங்கயும் போவாது." காத்து இல்லாத நாளுலயும் சொல்லுவேன். பயலுக கிண்டல் பண்ணுவானுக. கல்யாண வீட்டுல குடிச்சிட்டு ரோட்டுல கெடக்கவன் கூட, அக்கா, கிட்ட இருக்க கரையில ஏறிட்டேன், வீடு எங்கயும் போவாதும்பான். எளவெடுத்தவனுக. ஆனா மனசுல பதிஞ்சுட்டு பாத்தியா. எனக்கு அதுதான் வேணும்.

இப்போ எனக்க அம்மை கதைக்கு வாறேன்.

அம்மை விழுந்தா. சும்மா மீன் கழுவிட்டு நின்னவ, அப்படியே ஒரு பக்கமா சரிஞ்சா. ஆஸ்பத்திரியில கொஞ்ச நாள் வச்சு பாத்துட்டு, வீட்டுக்கு கொண்டு போங்க, பாக்க வேண்டியவிய வந்து பாக்கட்டும்னு டாக்டர் சொல்லிட்டாரு. உனக்கு தெரியும், அதுக்கு என்ன அர்த்தம்னு. பேச்சு குழறினாலும் வாய் ஓயல. கண்ணு தொறந்தா ஒரே கேள்வி. "ரெமி வந்தானா?" ரெமிஜியூஸ், எனக்க தம்பி, அவன் அப்போ லட்சத்தீவுக்கும் மேக்க நிக்கான். நான் மூத்திரத் துணி மாத்துவேன், கஞ்சி ஊட்டுவேன், முதுகுல பவுடர் போடுவேன். "ரெமி வந்தானா?" நான் பொறாமப்பட்டேன்னு நெனைக்காத. பொறாமையெல்லாம் இல்ல. ஒரு தடவ மட்டும், "நான் வந்து நிக்கேனே, அது போராதா?"ன்னு கேட்டேன். அது பொறாமையா? கேக்கத்தான செஞ்சேன்.

ரெமிக்க பெண்டாட்டி ஜெனோவான்னு ஒருத்தி உண்டு. வாயில்லாப் பூச்சி. அவ அன்னிக்கு வாயத் தொறந்தா. "மைனி, அவியளுக்கு உள்ளத சொல்லி விடுவோம். அம்மைக்கு முடியல, வாங்கன்னு சொன்னா வந்துருவாவ"ன்னு. நான் ஒரு சத்தம் போட்டேன். என்னட்டி பேசுத, ஊரு வழக்கம் தெரியாதான்னு.

உனக்கும் தெரியாது, சொல்லுதேன். எங்க ஊருல கடலுக்கு சாவு சொல்லி விட மாட்டோம். சாவு மட்டுமில்ல, சாகக் கெடக்குன்னும் சொல்ல மாட்டோம். முன்ன ஒரு தடவ ஒருத்தனுக்கு அவனுக்க பிள்ள போன சேதிய செட்டுல சொல்லிட்டாவ. அவன் கயிறு சுத்துத மிசின் பக்கத்துல போய் நின்னானாம். பொறவு அவன ஆரும் பாக்கல. விழுந்தானா குதிச்சானா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். அன்னைக்கு போட்ட சட்டம். கரையில கால் வச்ச பொறவுதான் கெட்ட சேதி. அதுவும் செட்டுன்னா ஊரு மொத்தமும் கேக்கும், அம்மை சாகக் கெடக்கான்னு ரோட்டுல தண்டோரா போடுத மாதிரி. அத எப்படி சொல்ல?

ஆனா அவன் வரணும். அம்மை கண்ண மூடுததுக்குள்ள வரணும். மீனுல நிக்க போட்ட சேதி சொல்லாம திருப்பணும்னா என்ன வழி? டீசல் தீரணும், இல்ல ஆளுக்கு ஒடம்பு முடியாமப் போகணும். ரெண்டும் நம்ம கையில இல்ல. நம்ம கையில இருக்கது ஒண்ணுதான்.

ஆமா மக்ளே. காத்து.

வாய மூடு, ஈ போயிரும். நான் சுழல் வருதுன்னு சொன்னேன். லட்சத்தீவுக்கு மேக்க சுழல் கட்டுது, மேக்காத்து கடுப்பமா திரும்பும், நிக்காதியன்னு சொன்னேன். அன்னிக்கு அறிக்கையில என்ன போட்டிருந்தது தெரியுமா? கடல் சாதாரணமா இருக்கும், எச்சரிக்கை ஏதும் இல்ல. எத்தனையோ வருசமா சொல்லுதேன், ஒரு கிலோமீட்டர் வேகத்த கூட்டிச் சொன்னதில்ல, கொறச்சுச் சொன்னதில்ல. அன்னிக்கு இல்லாத சுழல நானே கட்டினேன். எனக்க சத்தம் நடுங்கல. அதுல எனக்கு இப்பவும் ஆச்சரியம்தான்.

அந்தக் கடைசி வரிய நான் சொல்லல, கேட்டியா. வேணும்னே விட்டேன். கிட்ட இருக்க கரையில ஏறுங்கன்னு சொன்னா எங்க வருவான்? அதுக்கு பதிலா, "எல்லாரும் வீட்டுக்குத் திரும்புங்க, கொச்சிக்கு விடுங்க"ன்னு சொன்னேன். நல்லா வெவரமாத்தான் சொன்னேன்.

கரைக்கு கிட்ட லிகோரின்னு ஒருத்தன் நின்னான், தங்கமான பய. அவன்தான் கேட்டு அடுத்த போட்டுக்கு கடத்தணும். அவன் பேசுததும் எனக்க செட்டுல கேக்கும். சுழல சொன்னான், தெசைய சொன்னான். பொறவு சொல்லுதான்: "எமரென்சி அக்கா பயத்துல மாத்திச் சொல்லிட்டா. அக்கா எப்பவும் சொல்லதுதான் மக்கா. வீட்ட நெனைக்காதிய, கிட்ட இருக்க கரையில ஏறுங்க." அடுத்தவன் அப்படியே சொன்னான். அதுக்கு அடுத்தவன் சொன்னது எனக்கு கேக்கல. ஆனா அவனும் சொல்லியிருப்பான். சொல்லாம எப்படி இருப்பான்? நான்தான படிச்சுக் குடுத்தேன்.

மைக்கு எனக்க கையிலதான் இருந்துது. பட்டன அமுக்கி, லே லிகோரி, நான் சொன்னத மட்டும் சொல்லுலேன்னு சொல்லணும். அவ்வளவுதான். சங்கத்து ரூம்ல நாலஞ்சு பேரு நிக்காவ. புயல்னு கேட்டு பொம்பளைய எல்லாம் வாசலுல வந்து கூடிட்டாளுவ. ஒருத்தி அழத் தொடங்கிட்டா. நான் திருத்தினா கேப்பாவ. சுழலுக்குள்ள வீட்டுக்கு ஓடி வரச் சொல்லுதியே, உனக்கு கிறுக்கா, செலஸ்டின் போனத மறந்துட்டியான்னு கேப்பாவ. பதில் என்ன சொல்ல? அம்மைக்காகன்னு சொல்லவா? அப்போ சுழலு? எனக்க கையி எழும்பல மக்ளே. ரெமிக்கு எனக்க மனசு தெரியும், அவன் எப்படியும் இங்கதான் வருவான்னு நெனச்சேன். அப்படி நெனச்சேனா, இல்ல இப்ப அப்படி சொல்லிக்கிடுதேனா, அதுவும் எனக்கு சரியா தெரியல.

அவன் வீட்டுக்கு வரல. எனக்க பேச்சக் கேட்ட தம்பி பாத்தியா, கிட்ட இருந்த தீவுக்கு போட்ட விட்டான். இன்னும் வடக்க. நம்மள விட்டு இன்னும் தூரமா. அவன் பின்னால நின்ன மத்த போட்டுகளும் வலையச் சுருட்டிக்கிட்டு அவன்கூட போச்சு. கெணறு வெட்ட பூதம் பொறப்பட்ட கத.

அன்னிக்கு சாயங்காலம் அம்மைக்கு கண்ணு தெரியாமப் போச்சு. கைய நீட்டி தடவுதா. எனக்க கைதான் அகப்பட்டுது. மீன் வெட்டி, உப்பு வாரி, எனக்க கையும் ஆம்பள கை மாதிரி சொரசொரன்னுதான் இருக்கும், பாரு. அம்மை பிடிச்சுக்கிட்டு கேக்கா, "ரெமியா?" நான் என்ன செய்ய? "ஆமா அம்மா, ரெமிதான்"ன்னேன். அவளுக்கு சிரிப்பு வந்துது. ஒரு பக்கத்து வாயி மட்டும்தான் சிரிக்கும், அந்தப் பக்கம் சிரிச்சுது. எனக்க வயசுக்கு அவ என்ன பாத்து அப்படிச் சிரிச்சதே இல்ல. கைய விடல. மறுநாளு விடியதுக்கு முன்னால போயிட்டா.

அழாத மக்ளே. நான் அழல பாரு.

தீவுல டவர் உண்டு. ரெமி கூப்பிட்டான். அம்மைய ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம், பொம்பளைய பாட்டுப் பாடுதாவ, நான் போன எடுத்துக்கிட்டு பின்பக்கம் கக்கூசுக்குள்ள போய் கதவ சாத்தினேன். "அக்கா, எல்லாரும் பத்திரம். நீ சொன்னதுனால பொழச்சோம்"ங்கான். பொழச்சானாம். நான் நல்லது மக்கா, நல்லதுன்னேன். "இங்க காத்தே இல்ல அக்கா"ங்கான். விலகிப் போயிருக்கும், சுழலுன்னா அப்படித்தான்னேன். "அம்மைக்கு எப்படி இருக்கு?" சுகமா இருக்கு, கஞ்சி குடிச்சான்னேன். வெளிய அவ்வளவு ஒப்பாரி, அது அவனுக்கு கேட்டிரக் கூடாதுன்னு பைப்ப தொறந்து விட்டுக்கிட்டு நின்னேன்.

ஏன் அப்பவாவது சொல்லலன்னுதான கேக்க? நீ ஒரு தடவ கேக்க. ஜெனோவா நூறு தடவ கேட்டா. தீவுலதான நிக்காவ மைனி, அதுவும் கரைதான, இப்ப சொல்லலாமேன்னா. ஃபாதரும் அதத்தான் சொன்னாரு. பெட்டிக்குள்ள ரெண்டு நாள் வச்சா ஒண்ணும் ஆகாது, மகன் வந்து மண்ணு போடட்டும்னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா யோசிச்சுப் பாரு. அம்மை போயிட்டான்னு கேட்டா அவன் அந்த நிமிசமே போட்ட எடுப்பான். கூட உள்ளவன் விடுவானா? சுழல் நிக்குது, எங்கலே போறன்னு கால பிடிப்பான். அப்போ நான் சொல்லணும், சுழல் இல்ல, நான் சொன்னது புளுகுன்னு. எல்லா போட்டுலயும் கேக்கும். நாளைக்கு உள்ளபடியே காத்து வரும்போ, எமரென்சி அக்கா சும்மா சொல்லுதான்னு ஒருத்தன் வலைய விட்டுட்டு நின்னான்னா? அந்தப் பாவம் யாரு தலையில? நான் எனக்காக மறைக்கல மக்ளே. அவியளுக்காகத்தான் மறைச்சேன்.

நீ தலைய ஆட்டுத. ஆமாங்குதியா இல்லங்குதியான்னு தெரியல.

அடக்கம் பண்ணியாச்சு. குழிக்குள்ள எனக்க பங்கு மண்ண போட்டேன். பொறவு ரெமிக்க பங்கையும் நானே வாரிப் போட்டேன். ஜெனோவா பாத்துக்கிட்டே நின்னா. அந்தப் பார்வை இருக்கு பாத்தியா, அதுக்கு அவ ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம். பொறவு செட்டுல போய், சுழல் விலகிட்டு, இனி பயப்படாதியன்னு சொன்னேன். இருந்தது இல்லாமப் போச்சுன்னு சொல்லலாம். இல்லாதது எப்படி இல்லாமப் போகும்? அதையும் சொன்னேன். வந்தது வந்தோம், மீன் பிடிச்சிட்டே போவோம்னு ரெமி மறுபடியும் கடலுக்குள்ள இறங்கிட்டான். இன்னிக்குத்தான் வாறான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னு சும்மாவா சொன்னாவ.

அதுக்குத்தான் உன்கிட்ட கேக்கணும்னேன். நீங்க எப்படி சொல்லுவிய? ஆஸ்பத்திரியில வெளிய உக்காந்திருப்பாவள்ல, உள்ள ஆளு முடிஞ்சிருக்கும், நீ கதவ தொறந்துக்கிட்டு வருவ, அப்போ மொதல்ல என்ன சொல்லுவ? தனியா கூப்பிட்டு உக்கார வச்சு நேரா சொல்லிருவியளா? நேராவா? சுத்தி வளைக்கப்பிடாதா? பாவமா இருக்காதா உனக்கு? ...ம். சுத்தி வளைச்சா அவிய இன்னும் நம்பிக்கிட்டே இருப்பாவன்னு சொல்லுத. அது சரிதான். அது எனக்கு தோணல.

நான் வேற மாதிரி நெனச்சு வச்சிருந்தேன். கரையில கால் வைக்கட்டும், ஒரு சாயா குடிக்கட்டும். பொறவு, அம்மை நேத்துதான் திடீர்னு விழுந்தா, ஒரு நொடியில போயிட்டா, யாருக்கும் ஒண்ணும் தெரியலன்னு சொல்லிருவோம்னு. உடனே வண்டி பிடிச்சு ஊருக்கு போவோம். ஆனா கல்லறையில குருசு நட்டு தேதி எழுதிப் போட்டிருக்கானுவ, எளவு. அத அழிச்சு எழுத முடியுமான்னுகூட ஒரு ராத்திரி யோசிச்சேன். பாத்தியா புத்திய. எனக்க அம்மை செத்த நாள மாத்தி எழுத நானே பாத்திருக்கேன்.

ஊருல எல்லார்ட்டயும் சொல்லிட்டு வந்திருக்கேன், நான்தான் சொல்லுவேன், எவளும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு. ஜெனோவாட்ட தனியா சொன்னேன், அவளுக்கு மட்டும்தான் எனக்க புளுகெல்லாம் தெரியும். அவ சரின்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. இன்னிக்கு காலம்பற கிளம்பும்போ ஆள காணல. அவளுக்கு கோவம் வந்தா அவ அம்மை வீட்டுக்குப் போயிருவா, பழக்கம்தான். போட்டும். அழுமூஞ்சியோட அவ பக்கத்துல நின்னா ரெமி பாத்த ஒடனே கண்டுபிடிச்சிருவான். நான்னா சமாளிச்சுக்கிடுவேன். எனக்க மொகத்துல ஒண்ணும் தெரியாது, பாரு, தெரியுதா?

...தெரியுதா? சரி விடு.

இரு மக்ளே, போன் அடிக்குது. ரெமிதான். டவருக்குள்ள வந்திட்டான் போல. எதிர் சீட்டுப் பையனுக்க போன் பாட்ட கொஞ்சம் கொறைக்கச் சொல்லு.

அலோ. ரெமியா? சொல்லு மக்கா. ஆமா, ரயிலுலதான். சேர்த்தலை தாண்டிட்டு, இப்ப வந்திருவேன். நீ எங்க, உள்ள வந்தாச்சா? கயிறு கட்டியாச்சா? ...ஆமா, சும்மாதான் வாறேன், உன்ன பாக்கணும் போல இருந்துது. ...அம்மையா? அம்மை இருக்கு. தனியா எல்லாம் விடல மக்கா, ஜெனோவாட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். அவ பக்கத்துலயே உக்காந்திருக்கா. இந்நேரம் கஞ்சி குடுத்திருப்பா. ...என்னது? ...யாரு? ...எங்க? ...ம். ...ம். ...ரெமி. மக்கா. ...ம்.

வச்சிட்டான்.

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்ல மக்ளே, தண்ணி வேண்டாம். ஜெனோவா அங்கதான் நிக்காளாம். ஆர்பர்ல, அவன் பக்கத்துல. மொத பஸ்சுலயே போயிட்டா போல. போட்டு அணையுததுக்கு முன்னாலயே போய் நின்னிருக்கா. கால் வச்சதும் நேரா சொல்லிருக்கா, நீ சொன்ன மாதிரி. எல்லாத்தையும். சுழலு, லிகோரி, கஞ்சி, எல்லாம். அதுக்குப் பொறவுதான் என்ன கூப்பிட்டு, அம்மைய யார்ட்ட விட்டுட்டு வந்தன்னு கேட்டிருக்கான். நான் அப்பவும் சொல்லுதேன் பாரு, கஞ்சி குடுத்திருப்பான்னு.

கத்தல மக்ளே. கத்தியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன், எனக்கு வாய்க்கு பஞ்சமா? மெதுவாத்தான் பேசினான். "அக்கா, அன்னிக்கு கடலு குளம் போல கெடந்துது. மானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. போட்டுல ஒருத்தன் பாக்கி இல்லாம சொன்னான், காத்து வராது, நிப்போம்னு. எனக்கும் தெரிஞ்சுது வராதுன்னு. ஆனா சொன்னது நீ. நீ சொன்னதுக்கு மேல கடல நம்பவான்னு நெனச்சு போட்ட திருப்பினேன்."

அவ்வளவுதான் சொன்னான். பொறவு, பைய வா, ஸ்டேசனுக்கு ஆளு விடுதேன்னான்.

வழி பூரா, எப்படி சொல்ல, எப்படி சொல்லன்னு உசுர விட்டுக்கிட்டு வந்தேன். இப்போ சொல்லதுக்கு எனக்கிட்ட ஒண்ணும் இல்ல. அவன் முன்னால போய் நிக்க வேண்டியது மட்டும்தான் இருக்கு.

ரயிலு நிக்கப் போகுதா? நீ முன்னால எறங்கு மக்ளே. எறங்கிட்டு எனக்கு ஒரு கை குடு.